தேனீக்களிடம் சொன்னது

லா ப்ரூயேர்
ஞாயிறு, 9 மே 1909

அன்புள்ள சில்வேன் அண்ணா,

பாரிஸ் போய்ச் சேர்ந்தேன் என்று மார்ச்சில் இரண்டு வரி எழுதினாய். அதோடு சரி. கல்லைத் தூக்கும் கைக்குப் பேனா கனக்கிறதாக்கும். நான் நிறைய எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுகிறாள். படிக்கத் தெரியாவிட்டாலும் என் கை ஓடும் வேகத்தைப் பார்க்கிறாள். வேகமாக எழுதினால் ஏதோ ஒளிக்கிறேன் என்று நினைக்கிறாள். அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

வீடு சரியில்லை, அண்ணா. ஜனவரியில் தம்பி மர்சியாலைப் புதைத்த நாளிலிருந்து அம்மா யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. அவள் குரல் உனக்குத் தெரியாதா? வாசலில் நின்று "சூப்பு ஆறுது!" என்று ஒரு சத்தம் போட்டால் மலையடிவாரத்து மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். இப்போது கரண்டியால் சட்டியைத் தட்டுகிறாள். நான் பக்கத்து அறையில் இருந்தாலும் தட்டுகிறாள். முதலில் துக்கம் என்று நினைத்தேன். இத்தனை மாதம் கழித்தும் தட்டுவது நிற்கவில்லை.

இன்னொன்று. சென்ற வாரம் ஒரு கூடைத் தேனீ அப்படியே கிளம்பிப் போய்விட்டது. மிச்சமிருப்பது நான்கு கூடை. நான்கிலும் தம்பிக்குக் கட்டிய கறுப்புத் துணி இன்னும் கிடக்கிறது. வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூடையை விட்டுப் போய்விடும் என்பார்களே. அப்பா இறந்தபோது நீதான் வீட்டுச் சாவியால் ஒவ்வொரு கூடையையும் தட்டி, "எசமான் செத்துட்டார், நீங்க இருங்க" என்று சொன்னாய். நாற்பது நாளில் துணியை அவிழ்த்தோம். தம்பிக்கு அம்மா உன்னைத் தட்ட விடவில்லை. தானே தட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். "மர்சியால் செத்தான். ரூதேர் கொன்னான்" என்றாள். ஒவ்வொரு கூடைக்கும் அதையே சொன்னாள்.

இப்போது ஒரு கூடை போனதும், "பாத்தியா, அதுங்களுக்குப் பொறுமை போச்சு" என்கிறாள். துணியை எப்போது அவிழ்ப்பாய் என்று கேட்டேன். "அடுத்த வீட்டு ரூதேர் கூடையில கறுப்பு ஏறுற அன்னிக்கு நம்ம வீட்டுல எறங்கும்" என்றாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைச் சீவினாள்.

நீ கிளம்பும் முன் அடுப்பருகே தம்பியின் தொப்பியை வைத்து, அதன்மேல் உன் கையைப் பிடித்து வைத்தாளே, என்ன சத்தியம் வாங்கினாள்? மாட்டுக்கொட்டகைக் கதவிடுக்கில் பார்த்தேன், காதில் விழவில்லை. ரூதேரும் நீயும் ஒரே விடுதியில் படுக்கிறீர்கள், ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ரூதேர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, உனக்காகத்தான் பயம். எழுது.

யூலாலி

*

பாரிஸ், கொத்தனார் விடுதி
16 மே

யூலாலி,

நலம். ஆறு மாடிக் கட்டடம். சாரம் கட்டுவது என் வேலை. மேஸ்திரிக்கு என் முடிச்சுதான் பிடிக்கும்.

நீ கேட்டதற்கு: ஆண்களுக்குள் நடந்ததை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். உன் வேலை மாட்டைப் பார்ப்பது.

அம்மாவுக்குப் படி: "நான் மறக்கவில்லை."

இனி உனக்கு மட்டும். எல்லையில் நின்ற அந்த ஓக் மரம் யாருடையது என்று அப்பா காலத்திலிருந்து ரூதேர் வீட்டாரோடு தகராறு. கடைசியில் ஊர்த் தலைவர் பாதிப் பாதி என்று தீர்த்துவைத்தார். பாதி ரூதேருடையது என்பதால் தம்பியோடு வெட்டப் போனான். அன்று நான் சந்தையில் இருந்தேன், நீ துணி துவைக்கும் குளத்தில் இருந்தாய். மரம் தம்பிமேல் விழுந்தது. போலீஸிடம் ரூதேர் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "குறுக்கே போயிட்டான்." ஏன் போனான்? மரம் வெட்டத் தெரியாதவனா மர்சியால்? பத்து வயதிலிருந்து கோடரி பிடித்தவன், மரம் முனகும்போது அதற்கு முன்னால் நடப்பானா? கேட்டால் ரூதேர் தரையைப் பார்க்கிறான். குற்றம் இல்லாதவன் ஏன் தரையைப் பார்க்க வேண்டும்?

என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவனுடையது. குறட்டை விடுகிறான். கூட்டத்திலேயே மூத்தவன் என்பதால் எல்லாருக்கும் ரொட்டி வெட்டிப் போடுவது அவன்தான், நம் ஊர் வழக்கப்படி. எனக்கு மட்டும் நடுத்துண்டு, மெத்தென்று இருக்கும் பக்கம். தினமும். அவன் கையால் வெட்டியதைத் தின்கிறேன், யூலாலி. தொண்டையில் இறங்குகிறது. அதை நினைத்தால்தான் ஆத்திரம்.

மறுபடி இதைப் பற்றிக் கேட்காதே.

சில்வேன்

*

லா ப்ரூயேர்
30 மே

அண்ணா,

கேட்கத்தான் செய்வேன். மாட்டைப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது, உன்னைவிட அதற்குப் புத்தி இருக்கிறது.

உன் ஒரு வரியை அம்மாவுக்குப் படித்தேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, "எழுது" என்றாள். "என்னம்மா எழுதணும்?" என்றேன். "எப்ப? அவ்வளவுதான். எப்ப?" என்றாள். எழுதிவிட்டேன். நான் எழுதும் சொல்லை அவளால் சரிபார்க்க முடியாது, வேறு எதையாவது எழுதியிருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ரூதேரின் மனைவி தெல்பின் கிண்ணம் நிறையக் காட்டு ஸ்ட்ராபெரி கொண்டுவந்தாள். பாவம், வருஷம் தவறாமல் கொண்டுவருபவள். வாசற்படியைத் தாண்டவில்லை. "மன்னிச்சுக்கங்கன்னு கேக்க வரல. புள்ளைங்க பறிச்சுது, தின்னுங்க" என்றாள். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஜனவரியிலிருந்து அவள் முகத்தில் விழிக்காதவள், நேற்று கிண்ணத்தை வாங்கி, "ஒங்க தேனீ எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். ஏதோ சாதாரணப் பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோல. "ஏழு கூடையும் ரொம்பி வழியுது" என்று தெல்பின் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அம்மா பழத்தைப் பன்றிக்குக் கொட்டினாள். இன்று காலை துணிப்பெட்டியில் கிழிசல் தேடினேன். அம்மாவின் கறுப்புக் கல்யாணப் பாவாடை நீளநீளமாகக் கிழிக்கப்பட்டு மடித்து வைத்திருந்தது. நம் வீட்டில் இருப்பது நான்கு கூடை. துண்டுகள் ஏழு.

அண்ணா, நீ அங்கே ஒன்று செய்ய, இவள் இங்கே நாள் பார்த்து அதைக் கட்டக் காத்திருக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. உன்னைத் தூக்கில் போடுவார்கள். பிறகு நம் வீட்டுக் கூடைக்கு யார் கறுப்பு கட்டுவது? நான்தானே? எனக்குத் தம்பியும் வேண்டும், அண்ணனும் வேண்டும் என்று கேட்க முடியாது. ஒருவன் போய்விட்டான். மிச்சமிருக்கிற ஒருவனையாவது விட்டுவைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

யூலாலி

*

பாரிஸ்
10 ஜூன்

யூலாலி,

அம்மாவுக்குப் படி: "வரும் சனிக்கிழமை இல்லை, அதற்கு அடுத்தது, 19ஆம் தேதி, மேல் சாரத்துக்கு ஏறுகிறோம். கயிறு நான் கட்டுகிறேன். ஓரத்தில் நிற்பது அவன்."

இனி உனக்கு. சாரம் சரிவது பாரிஸில் வாரம் ஒன்று நடக்கிறது. யாரையும் தூக்கில் போடுவதில்லை. அதனால் அழாதே.

நேற்று மாலை வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். ரூதேர் பக்கத்தில் வந்து நின்று, "ஒன் தம்பி மரத்து மேல ஒக்காந்துகிட்டு என்னமாப் பாடுவான்!" என்றான். கழுவிக்கொண்டே சொன்னான், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தொட்டியிலேயே அவன் தலையை அமுக்கத் தோன்றியது. அப்புறம் அவன் கைகளைப் பார்த்தேன். சுண்ணாம்பு போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தன. நடிக்கிறானா?

தொப்பிமேல் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னது சொன்னதுதான். நான் செய்யாவிட்டால் அம்மா என்னை வீட்டுக்குள் விட மாட்டாள். அது உனக்கும் தெரியும்.

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

சில்வேன்

*

லா ப்ரூயேர்
13 ஜூன்

அண்ணா,

பிரி. தயவுசெய்து பிரி.

உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்திருக்க வேண்டும். அம்மா தபால்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "படி" என்றாள். கண் ஓடியபடி வாயும் ஓடிவிட்டது. கயிறு என்ற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் நாளைச் சொல்லிவிட்டேன். "ஓரத்தில்" என்பதைச் சொல்லவில்லை. அம்மா, "மிச்சத்தப் படி" என்றாள். "மிச்சம் மாட்டப் பத்தி" என்றேன். சிரித்தாள், அண்ணா. ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருந்தால் கயிற்றைத் தொட மாட்டாய்.

சத்தியத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். நரகத்துக்குப் போவது நானாக இருக்கட்டும். அவனை விட்டுவிடு. அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஸ்ட்ராபெரி பறிக்கும் வயது. பதில் எழுது. ஒரு வார்த்தை போதும்.

யூலாலி

*

லா ப்ரூயேர்
19 ஜூன், சனி மாலை

அண்ணா,

நீ பதில் எழுதவில்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்து பால் கறக்கப் போனபோது அம்மாவின் படுக்கை காலி. கொட்டகையைத் தாண்டி வந்து பார்த்தால் ரூதேர் வீட்டு வேலியோரம் அவர்களுடைய ஏழு கூடைகளிலும் கறுப்பு. அம்மா பனியில் நனைந்த பாவாடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையில் நம் வீட்டுச் சாவி. "சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் பாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து ஊர் சேன் பர்தூ தபால் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் தந்தி என்று தோன்றியது. கதவு திறக்கும்வரை தட்டினேன். என்ன எழுதுவது? தபால் ஆபீஸ் அம்மாளை உனக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துத்தான் அனுப்புவாள். "ரூதேரைக் கொல்லாதே" என்று எழுதினால் என் பின்னாலேயே போலீஸ் வரும். "வேண்டாம்" என்று எழுதினால் நீ கேட்க மாட்டாய். உன்னை அந்தச் சாரத்திலிருந்து கீழே இறக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை எழுதிவிட்டேன்: "அம்மா இறந்தாள். உடனே வா."

தபால் ஆபீஸ் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை தானாக வந்தது, நடிக்கவில்லை.

திரும்பி வரும்போது தெல்பினின் அலறல் அரை வழியிலேயே கேட்டது. கூடையைப் பார்த்துவிட்டாள். புருஷன் பாரிஸில், வீட்டுத் தேனீக்குக் கறுப்பு, அவள் வேறென்ன நினைப்பாள்? சாவுச் செய்தி ஊருக்கு முதலில் வந்து, யாரோ அவளுக்கு முன்னால் தேனீக்களிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாள். இடி முழங்கும் புழுக்கத்தில், முகமூடிகூட இல்லாமல், துணிகளைப் பிய்த்து எறிந்திருக்கிறாள். இரண்டு கூடை கவிழ்ந்துவிட்டது. நான் போனபோது தேனீ அவள் முகம் தெரியாமல் மொய்த்திருந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி இழுத்துக்கொண்டு ஓடினேன், எனக்கும் கையெல்லாம் கொட்டு. மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை. உதடு மட்டும், "எப்படிச் செத்தார்? எப்படிச் செத்தார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. "சாகல தெல்பின், உயிரோடதான் இருக்கார்" என்றேன். எனக்கே தெரியாததைச் சொன்னேன்.

மத்தியானம் பாதிரியார் கோயில் மணியாட்டும் பையனையும் கூட்டிக்கொண்டு சாவுக்கு ஜெபிக்க வந்தார், நம் வீட்டுக்கு. அம்மா வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு சாமி?" என்றாள் அம்மா.

பாதிரியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க செத்துட்டீங்கன்னு தந்தி போச்சாம்மா."

அம்மா பீன்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. "என்னையே கொன்னுட்டியா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். தொப்பி போட்டுக்கொண்டு தனியாகச் சேன் பர்தூவுக்கு நடந்தாள். பிணம் தானே வந்து தந்தி கொடுத்தது என்று இன்று ஊரெல்லாம் பேச்சு. அவள் என்ன அனுப்பினாள் என்பதைத் தபால் ஆபீஸ் அம்மாளே பரப்பிவிட்டாள்: "சாகவில்லை. வேலையைப் பார். அம்மா."

என் தந்தி முதலில் வந்ததா, உன் கயிறு முதலில் அவிழ்ந்ததா? ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உள்ளே இருக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

யூலாலி

*

பாரிஸ்
20 ஜூன், ஞாயிறு

யூலாலி,

ரூதேர் உயிரோடு இருக்கிறான். அம்மா அந்த ஏழு துண்டையும் கட்டியிருந்தால் தெல்பின் தவித்துக்கொண்டிருப்பாள், முதலில் ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. அவனும் தந்தி கொடுத்திருக்கிறான், என்றாலும் நீ சொல். இதை அம்மாவுக்கு முன்னால் பிரிக்காதே.

நேற்றுக் காலை மேல் சாரத்தைக் கட்டினேன். ஓரத்து முடிச்சு வெறும் ஆள் நடந்தால் தாங்கும், பாரத்தோடு நின்றால் வழுக்கும், அப்படிக் கட்டினேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதாகப் பேச்சு. கடையில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது விடுதிப் பையன் உன் தந்தியைக் கொண்டுவந்தான்.

படித்தேன். ரூதேர்தான் தாளை வாங்கிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "வா" என்றான். விடுதிக்குப் போய் என் மூட்டையைக் கட்டித் தானே தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை, கயிறும் ஞாபகம் இல்லை. அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வந்தோமே என்பது மட்டும்தான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம், "சில்வேன், இப்ப சொல்லலாம். இனிமே அவங்க காதுல விழாது" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மரம் முனக ஆரம்பிச்சிடுச்சு. நான் இந்தப் பக்கம், ஒன் தம்பி அந்தப் பக்கம், சரியான எடத்துலதான் நின்னான். அப்ப ஒங்கம்மா வாசல்லேருந்து கூப்பிட்டாங்க. மர்சியால், சூப்பு ஆறுதுன்னு. அந்தக் குரல் ஒனக்குத் தெரியுமே. அவன் வெடுக்குனு திரும்பி வீட்டப் பாக்க நடந்தான். நேர் வழி மரத்துக்கு முன்னாலதான். நான் கத்துனேன். மரம் என்னவிடச் சத்தமாக் கத்திடுச்சு. போலீஸ் கேட்டப்ப ஒங்கம்மா பக்கத்துலதான் நின்னாங்க. அவங்கள வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்றது? பெத்தவ கூப்பிட்டுத்தான் புள்ள செத்தான்னு சொல்றதா? என்மேலயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது.

ஓடினேன். மூட்டை அவனிடமே கிடந்தது. என்ன ஏது என்று தெரியாமல் அவனும் பின்னால் ஓடிவந்தான். கட்டடத்துக்கு வந்து அண்ணாந்தால், சித்தாள் ஒருவன் தோளில் சாந்துத் தொட்டியோடு மேல் சாரத்தில் அந்த ஓரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறான். ரூதேர் இல்லாததால் அவனை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை, யூலாலி. கூப்பிட்டால் திரும்புவான். சுமையோடு அந்த இடத்தில் திரும்பினால் முடிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏணியில் ஏறினேன். முடிச்சு வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. அவன் சாந்தை இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஊருக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

எனக்குப் பின்னால் ரூதேர் ஏறிவந்திருந்தான். முடிச்சைப் பார்த்தான். நாற்பது வருஷமாகச் சாரத்தில் நிற்பவன், பார்த்ததும் தெரியாதா? யாருடைய முடிச்சு, எந்த ஓரம், யார் நிற்க வேண்டிய இடம், எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. என் கையை விலக்கிவிட்டு அவனே அவிழ்த்து, அவனே இறுக்கிக் கட்டினான். பிறகு, "இனிமே கயிறு நான் கட்டுறேன்" என்றான். அவ்வளவுதான்.

விடுதிக்கு வந்தால் அம்மாவின் தந்தி காத்திருந்தது. சாகவில்லை, வேலையைப் பார். பாரிஸ் முழுக்க யாருக்கும் அது புரிந்திருக்காது, அவனுக்குப் புரிந்தது. இருவரும் படித்தோம். அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். "அப்ப நான் சொன்னது தப்பாப் போச்சே" என்றான். தன்னைக் கொல்லச் சொன்னவளைப் பற்றி அவன் சொன்னது அதுதான்.

உண்மை அம்மாவின் காதில் விழக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். நீ பார்த்து நடந்துகொள்.

இன்று காலையும் அவன்தான் ரொட்டி வெட்டினான். நடுத்துண்டு.

சில்வேன்

*

லா ப்ரூயேர்
27 ஜூன்

அண்ணா,

தெல்பினுக்கு ஒரு கண் திறந்துவிட்டது. இன்னொன்றும் திறக்கும் என்று டாக்டர் சொல்கிறார். உன் கடிதம் வந்த அன்றே அவள் காதில் போய்க் கத்தினேன். வீங்கிய உதட்டோடு சிரித்தாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று தபால்காரரை வழியிலேயே மடக்கினாள். மேஜையில் வைத்து, "படி" என்றாள். இந்த முறை எச்சரிக்கையாக இருந்தேன். கண்ணை முன்னால் ஓடவிட்டு, பெஞ்சில் அவன் சொன்னதை மட்டும் தாண்டிவிட்டு, சூப் கடையிலிருந்து ஸ்டேஷனுக்கும் அங்கிருந்து சாரத்துக்கும் போய்விட்டேன். ரூதேர் சாகவில்லை என்பதைப் படித்தபோது அவள் அசையவில்லை. அவள் எழுந்து என் கழுத்தைப் பிடிப்பாள் என்றுகூட நினைத்தேன். உரித்த பீன்ஸையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

முடித்தேன்.

"ஸ்டேஷன்ல ஒக்காந்தாங்கன்ன. அப்புறம் எதுக்கு எந்திரிச்சு ஓடுனான்?" என்றாள்.

"கயிறு ஞாபகம் வந்து."

"சும்மாவா வந்துச்சு?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"நான் கூப்பிட்டேன்னு சொன்னானா?" என்றாள்.

அண்ணா, அவளுக்குத் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும். வாசலில் நின்று கூப்பிட்டவள் அவள், அவன் திரும்பியதைப் பார்த்தவளும் அவள். சட்டியைத் தட்டும் சத்தம் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் குரலை அவள் அன்றோடு நிறுத்திவிட்டாள். யாராவது ஒருவன் குற்றவாளியாக இருந்தால்தான் அவளால் காலையில் எழுந்திருக்க முடிந்திருக்கிறது. அதற்கு ரூதேர் வாயை மூடிக்கொண்டு வாகாகக் கிடைத்தான்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். நம் கூடைகளுக்குத்தான் போனாள். முதல் கூடையைத் தட்டினாள். "மர்சியால் செத்தான். நான் கூப்பிட்டேன், வந்தான், செத்தான்" என்றாள். இரண்டாவது கூடைக்கு அதையே சொன்னாள். மூன்றாவதில் குரல் வரவில்லை, வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மழையில் நனைந்த கோழிபோல உடம்பு அப்படி உதறியது. இத்தனை நாளும் இவளுக்கா பயந்தோம் என்று இருந்தது. அப்புறம் நான்கு துணியையும் அவிழ்த்தாள்.

அங்கிருந்து நேராக ரூதேர் வீட்டுக்கு நடந்தாள். கவிழ்ந்த கூடைகளை எடுத்து நிமிர்த்தினாள். கதவைத் தட்டினாள். உள்ளே தெல்பினின் மூத்த பெண் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. அம்மா பொழுது சாயும்வரை அந்த வாசலில் நின்றாள். யாரும் திறக்கவில்லை. நேற்றும் போய் நின்றாள். இன்றும் போயிருக்கிறாள்.

உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், நானும் மெதுவாக எழுதுகிறேன்: "ரூதேர்கிட்டக் கேளு. நான் கூப்பிட்டதுக்கு மர்சியால் ஏதாவது சொன்னானா?"

இதற்கு என்ன பதில் வந்தால் அவள் தாங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்காமலும் விடாதே.

யூலாலி

*

பாரிஸ்
1 ஜூலை

யூலாலி,

கேட்டேன். ரூதேர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சொன்னான். சிரிச்சுக்கிட்டுத் திரும்பினான். இதோ வந்துட்டேம்மான்னான்."

அம்மாவுக்குப் படி. எதையும் தாண்டாதே, கண்டுபிடித்துவிடுவாள்.

சில்வேன்